கறுப்புக் கோட்டு பழுப்பானது எப்படி? காமிராவை ஏமாற்றும் மாயக் கதிர்!

ஒருவர் கறுப்புக் கோட்டு அணிந்து வெய்யிலில் நிற்கிறார். காமிராவின் முன்னால் ஒரு கருங்கண்ணாடியை மாட்டி, அவரைப் படம் பிடிக்கிறார்கள்.

பிடித்த படத்தைத் திரையில் போட்டுப் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் திகைப்பு!

கோட்டு இருக்கிறது. கறுப்பைக் காணோம்! அது செம்பழுப்பு நிறமாக மாறிவிட்டது.

அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார். அவர் அணிந்திருப்பதும் கறுப்புக் கோட்டுதான். ஆனால் அந்தக் கோட்டு மட்டும் கறுப்பாகவே இருக்கிறது!

துணி சாயம் போகவில்லை. காமிரா பழுதாகவில்லை. படம் பிடித்தவரும் கவனக் குறைவாக இருக்கவில்லை. பிறகு நிறம் எப்படி மாறியது?

பெரும் பணம் போட்டுப் படம் எடுக்கிறவர்களின் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி இது. இதற்கு விடை தரும் உண்மையை 1800-ம் ஆண்டிலேயே ஒரு விஞ்ஞானி கண்டுபிடித்துவிட்டார். அப்போது உலகத்தில் சினிமாவே கிடையாது!

அது மட்டும் அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகளின் கண்களைக் காப்பாற்றும் ஒரு பாடமும் அந்த உண்மையில் இருக்கிறது.

காமிராவுக்குக் கருங்கண்ணாடி எதற்கு?

வெய்யிலில் போகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்கிறார்கள். கண் கூசாமல் இருக்க அது உதவுகிறது. வீடியோ காமிராவுக்கும் அப்படி ஒரு கண்ணாடி தேவைப்படுகிறது.

சினிமாப் படம் என்பது அசையாத பல படங்களின் வரிசை. ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 48-ல் ஒரு பங்கு வினாடி நேரம் ஒளி விழவேண்டும். அப்போதுதான் ஓட்டமும் நடையும் இயற்கையாகத் தெரியும்.

சாதாரணப் போட்டோ எடுப்பவர், வெய்யில் அதிகம் என்றால் நேரத்தைக் குறைத்துவிடலாம். ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் "கிளிக்" செய்துவிடலாம். சினிமாவில் அப்படிச் செய்தால், நடப்பவர் வெட்டி வெட்டி நடப்பதுபோல் தெரியும்.

லென்சின் துவாரத்தைச் சுருக்கினால் என்ன? ஒளி குறையும். ஆனால் நடிகையின் முகத்தோடு, பின்னால் இருக்கும் விளக்குக் கம்பம், சுவரொட்டி, குப்பைத் தொட்டி எல்லாம் பளிச்சென்று தெரியும். முகம் மட்டும் தெளிவாக இருக்கவேண்டும், பின்னணி மங்கலாக இருக்கவேண்டும் என்றால் துவாரத்தை அகலமாகத்தான் திறக்கவேண்டும்.

நேரத்தையும் குறைக்க முடியாது. துவாரத்தையும் சுருக்க முடியாது. பிறகு என்ன வழி?

லென்சின் முன்னால் ஒரு சாம்பல் நிறக் கருங்கண்ணாடியை மாட்டுகிறார்கள். இதற்கு "நியூட்ரல் டென்சிட்டி பில்டர்" என்று பெயர். படப்பிடிப்பில் சுருக்கமாக "என்.டி." என்பார்கள்.

"நியூட்ரல்" என்றால் நடுநிலை. சிவப்பு, பச்சை, நீலம் எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைக்கவேண்டும். எந்த நிறத்துக்கும் சலுகை காட்டக் கூடாது. நல்ல நீதிபதியைப்போல!

இந்தக் கண்ணாடிகளுக்கு எண் உண்டு. 0.3 எண் கண்ணாடி, ஒளியைப் பாதியாகக் குறைக்கும். 0.6 எண், கால் பங்காக்கும். 0.9 எண், எட்டில் ஒரு பங்காக்கும். 1.8 எண் கண்ணாடியோ 64-ல் ஒரு பங்கு ஒளியைத்தான் உள்ளே விடும்.

இன்றைய காமிராக்களுக்கு மங்கிய ஒளியே போதும். அவ்வளவு கூர்மையான "கண்" அவற்றுக்கு! அதனால் உச்சி வெய்யில் அவற்றுக்குத் திகட்டிவிடுகிறது. துவாரத்தை அகலமாகத் திறந்து உச்சி வெய்யிலில் படம் எடுக்க, சில காமிராக்களுக்கு ஒளியை 500-ல் ஒரு பங்காகக்கூடக் குறைக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு அடர்த்தியான கண்ணாடியை மாட்டும்போதுதான், கறுப்புக் கோட்டு பழுப்பாகிறது!

பிலிம் காலத்தில் இல்லாத தொல்லை

பிலிமில் படம் பிடித்த காலத்திலும் இதே கருங்கண்ணாடிகளை மாட்டினார்கள். அப்போது கறுப்பு கறுப்பாகவே இருந்தது. பிலிம் போய், "சென்சார்" வந்த பிறகுதான் இந்தத் தொல்லை தலை தூக்கியது.

சென்சார் என்பது சிலிக்கான் என்ற பொருளால் செய்த ஒரு சிறு தகடு. பிலிம் இருந்த இடத்தில் இப்போது அது இருக்கிறது. அதன்மேல் லட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழும் ஒளியை மின்சாரமாக மாற்றுகிறது.

சிலிக்கானுக்கு நிறம் தெரியாது. வெளிச்சம் கூடுதலா, குறைவா என்றுதான் தெரியும். அதனால் ஒவ்வொரு கட்டத்தின்மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறச் சாயத்தைப் பூசுகிறார்கள். இந்த முறையைக் கண்டுபிடித்தவர், அமெரிக்காவில் கோடக் கம்பெனியில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்ற விஞ்ஞானி. 1976-ல் அவருக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது.

சிலிக்கானுக்கு இன்னொரு குணம் உண்டு. மனிதனின் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளி அதற்குத் தெரியும்!

அதுதான் அகச்சிவப்புக் கதிர்.

ஒளி என்பது அலை. அந்த அலையின் நீளத்தை "நானோமீட்டர்" கணக்கில் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால், அதில் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர்!

நம் கண்ணுக்குச் சுமார் 400 முதல் 700 வரை உள்ள அலைகள் தெரியும். 400 பக்கம் ஊதா. 700 பக்கம் சிவப்பு. அதற்கு மேல் நமக்கு இருட்டு. சிலிக்கானுக்கோ சுமார் 1,100 வரை தெரியும்!

சாதாரணக் கலர் பிலிமுக்கும் நம் கண்ணைப்போல, சிவப்புக்கு அப்பால் பார்வை கிடையாது. அகச்சிவப்பு உள்ளே வந்தாலும் பிலிம் அதைக் கண்டுகொள்ளாது. ஆகையால் அந்தக் காலத்துக் கருங்கண்ணாடி அகச்சிவப்பைத் தடுக்கிறதா இல்லையா என்று யாரும் கவலைப்படவில்லை.

கண்ணாடி மாறவில்லை. காமிராவின் கண் மாறிவிட்டது!

வானத்தைப் பார்த்தவர் கண்ட அதிசயம்

அகச்சிவப்புக் கதிரைக் கண்டுபிடித்த கதை சுவையானது. அந்தக் கதையும் ஒரு கருங்கண்ணாடியில்தான் தொடங்குகிறது!

அவர் பெயர் வில்லியம் ஹெர்ஷல். 1738-ல் ஜெர்மனியில் ஹானோவர் என்ற ஊரில் பிறந்தவர். தொழில், சங்கீதம். இங்கிலாந்துக்குப் போய்ப் பாட்டு வாத்தியாராக இருந்தார். பிறகு வானத்தின்மேல் ஆசை வந்தது. சொந்தக் கையால் டெலஸ்கோப் செய்தார். 1781-ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்துப் பெரும் புகழ் பெற்றார்.

பின்னாளில் அவர் சூரியனை ஆராய்ந்தார். டெலஸ்கோப் வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும். ஆகையால் பல நிறக் கருங்கண்ணாடிகளை மாட்டிச் சோதித்துப் பார்த்தார்.

அப்போது ஒரு விசித்திரத்தைக் கண்டார். சில கண்ணாடிகளில் வெளிச்சம் மிகவும் மங்கலாக இருந்தது. ஆனால் கண்ணில் சூடு உறைத்தது! வேறு சில கண்ணாடிகளில் வெளிச்சம் அதிகமாக இருந்தது. ஆனால் சூடே தெரியவில்லை!

வெளிச்சம் குறைந்தால் சூடும் குறையவேண்டாமா? இது என்ன புதிர்?

1800-ம் ஆண்டில் ஹெர்ஷல் ஒரு சோதனை செய்தார். முப்பட்டைக் கண்ணாடியில் வெய்யிலை விழச் செய்தார். மேஜைமேல் வானவில்லின் நிறங்கள் விரிந்தன. உஷ்ணமானியின் குமிழில் கறுப்பு பூசி, ஒவ்வொரு நிறத்திலும் வைத்துப் பார்த்தார்.

ஊதாவில் உஷ்ணம் கொஞ்சம் ஏறியது. பச்சையில் அதைவிட ஏறியது. சிவப்பில் இன்னும் ஏறியது.

பிறகு உஷ்ணமானியைச் சிவப்புக்கு வெளியே நகர்த்தினார். அங்கே நிறமே இல்லை. வெறும் மேஜைதான். ஆனால் உஷ்ணம் இன்னும் அதிகமாக ஏறியது!

கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று அங்கே விழுந்துகொண்டிருந்தது. அதுதான் அகச்சிவப்பு.

ஹெர்ஷலின் கருங்கண்ணாடிப் புதிரும் விடுபட்டது. சில கண்ணாடிகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்தன. தெரியாத கதிரைத் தாராளமாக உள்ளே விட்டன!

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, காமிராக்காரர்கள் மாட்டிய கருங்கண்ணாடியும் இதையேதான் செய்தது.

அரிசியும் கல்லும்

காமிரா செய்கிறவர்களுக்கு இந்த அகச்சிவப்புத் தொல்லை தெரியாதா? நன்றாகத் தெரியும். அதற்காகவே சென்சாரின் முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடியை வைக்கிறார்கள். அது அகச்சிவப்பில் பெரும் பகுதியைத் தடுத்துவிடும். கொஞ்சம் மட்டும் கசியும். சாதாரணமாக அந்தக் கசிவு கண்ணுக்குத் தெரியாது.

கருங்கண்ணாடியை மாட்டினால் மட்டும் எப்படித் தெரிகிறது?

ஒரு மூட்டையில் 64 படி அரிசி இருக்கிறது. அதில் ஒரு கைப்பிடி கல் கலந்திருக்கிறது. சோற்றில் எப்போதாவது ஒரு கல் அகப்படும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது அந்த மூட்டையிலிருந்து 63 படி அரிசியை மட்டும் எடுத்துவிடுவோம். கல்லை எடுக்காமல் விட்டுவிடுவோம். மிச்சம் ஒரு படி அரிசி. அதில் அதே ஒரு கைப்பிடி கல்! வாய் வைக்க முடியுமா?

1.8 எண் கருங்கண்ணாடி செய்வது இதுதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியை 64-ல் ஒரு பங்காகக் குறைக்கிறது. அகச்சிவப்பைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறது. முன்பு 640-க்கு ஒன்று என்று இருந்த கசிவு, இப்போது 10-க்கு ஒன்று ஆகிவிடுகிறது!

லேசான கண்ணாடி போட்டால் தொல்லை தெரிவதில்லை. அடர்த்தி கூடக்கூட நிறம் கெடுவதற்கு இதுதான் காரணம்.

நடுநிலை தவறாத நீதிபதி என்று நாம் நினைத்த கண்ணாடி, முன்வாசலில் எல்லோரையும் சமமாகத் தடுக்கிறது. கொல்லைப்புற வாசலையோ திறந்து வைத்திருக்கிறது!

எல்லாக் கறுப்பும் கறுப்பல்ல!

இரண்டு கோட்டும் கறுப்பு. ஒன்று பழுப்பாக மாறியது. இன்னொன்று ஏன் மாறவில்லை?

கறுப்புத் துணி, தன்மேல் விழும் ஒளியை விழுங்கிவிடுகிறது. அதனால்தான் அது கறுப்பாகத் தெரிகிறது. ஆனால் துணிக்குச் சாயம் போடுகிறவர்கள் மனிதனின் கண்ணுக்காகத்தான் சாயம் போடுகிறார்கள். 700 நானோமீட்டருக்கு அப்பால் அந்தச் சாயம் என்ன செய்கிறது என்று பார்த்து அவர்கள் போடுவதில்லை.

சில சாயங்கள் அகச்சிவப்பையும் விழுங்கும். வேறு சில விழுங்காது. பாலியெஸ்டர், நைலான் போன்ற செயற்கை நூல் துணிகள் பல, அகச்சிவப்பைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்புகின்றன. அகச்சிவப்புக்கு அவை வெள்ளைத் துணி மாதிரி!

அந்தக் கதிர் சென்சாருக்குள் போகிறது. சிவப்பை ஒட்டிய அலைகள், சிவப்புச் சாயம் பூசிய கட்டங்களில்தான் அதிகமாக நுழைகின்றன. காமிரா அதைச் சிவப்பு என்று எண்ணிக்கொள்கிறது. கறுப்போடு சிவப்பு கலந்தால் என்ன ஆகும்? செம்பழுப்பு ஆகும்!

வெள்ளைச் சட்டையில் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏராளம். அதில் கசிவு கரைந்துவிடும். கறுப்பில் ஒளி மிகக் குறைவு. ஆகையால் கறுப்பில்தான் குட்டு வெளிப்படுகிறது.

மரம், செடிகளும் தப்புவதில்லை. பச்சை இலை அகச்சிவப்பை மிக அதிகமாகத் திருப்பி அனுப்பும் குணம் உடையது. 1910-ல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க விஞ்ஞானி, அகச்சிவப்பில் எடுத்த போட்டோக்களை வெளியிட்டார். அவற்றில் மரங்கள் பனி மூடியவைபோல வெள்ளை வெளேரென்று தெரிந்தன! இந்தக் கதிர் கலர்ப் படத்தில் கசிந்தால், இலைகளின் பசுமை குறைந்து மஞ்சள் தட்டும்.

மனிதத் தோலிலும் இந்தக் கதிர் கொஞ்சம் ஊடுருவும். அதனால் முகம் மெழுகு பூசியதுபோல ஆகிவிடும்.

பிறகு சரி செய்ய முடியாதா?

"நிறம் கெட்டால் என்ன? கம்ப்யூட்டரில் சரி செய்துகொள்ளலாமே!" என்று கேட்கத் தோன்றும்.

கருங்கண்ணாடி மட்டமானதாக இருந்து, படம் முழுவதும் ஒரே மாதிரி பச்சை தட்டினால் சரி செய்துவிடலாம். பச்சையைக் கொஞ்சம் குறைத்தால் போதும். ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி, காமிராவிலேயேகூடச் சரி செய்யலாம்.

அகச்சிவப்புத் தொல்லை அப்படி அல்ல. ஒரு கோட்டு மாறுகிறது. இன்னொரு கோட்டு மாறவில்லை. பழுப்பான கோட்டைக் கறுப்பாக்கச் சிவப்பைக் குறைத்தால், கதாநாயகியின் முகத்திலும் சிவப்பு குறைந்துவிடும். அவள் முகம் சோகை பிடித்ததுபோல ஆகிவிடும்!

கோட்டை மட்டும் தனியாகப் பிரித்து, ஒவ்வொரு காட்சியிலும் நிறம் மாற்றவேண்டும். அதற்குப் பல நாள் வேலை. பெரும் செலவு. படப்பிடிப்பு அன்று ஐந்து நிமிடம் சோதிக்காததற்குத் தண்டனை!

காமிரா வாங்கியவர்களுக்கு இலவசக் கண்ணாடி

இந்தத் தொல்லை உலகப் புகழ் பெற்ற கம்பெனிகளையும் விடவில்லை.

ஜெர்மனியைச் சேர்ந்த லைக்கா கம்பெனி, 2006-ல் "எம்-8" என்ற போட்டோக் காமிராவை வெளியிட்டது. அதன் லென்ஸ், சென்சாருக்கு மிக அருகில் இருந்தது. ஓரங்களில் ஒளி சாய்ந்து விழும். தடுப்புக் கண்ணாடி தடிமனாக இருந்தால் படத்தின் ஓரம் கெட்டுவிடும். அதனால் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய கண்ணாடியை வைத்தார்கள்.

விளைவு? கருங்கண்ணாடி ஏதும் மாட்டாமலேயே, செயற்கை நூலால் ஆன கறுப்புத் துணிகள் படத்தில் ஊதாச் சிவப்பாகத் தெரிந்தன!

வாங்கியவர்கள் புகார் செய்தார்கள். லைக்கா கம்பெனி, லென்சின்மேல் மாட்டிக்கொள்ளும் அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடிகள் இரண்டை ஒவ்வொருவருக்கும் இலவசமாகக் கொடுத்தது. 2009-ல் வந்த அடுத்த காமிராவில், உள்ளே இருக்கும் கண்ணாடியின் தடிமனை 0.8 மில்லிமீட்டராக உயர்த்தியது.

2007-ல் அமெரிக்காவிலிருந்து "ரெட் ஒன்" என்ற சினிமாக் காமிரா வந்தது. பிலிம் இல்லாமல் பெரிய படங்களை எடுக்க அது வழி திறந்தது. பிலிம் காலத்துக் கருங்கண்ணாடிகளையே அதன் முன்னாலும் மாட்டினார்கள். கறுப்புத் துணிகள் பழுப்பாயின!

அதற்குப் பிறகு கண்ணாடி செய்கிற கம்பெனிகள் விழித்துக்கொண்டன.

என்னென்ன பரிகாரம்?

ஒரு பரிகாரம், கருங்கண்ணாடியோடு இன்னொரு கண்ணாடியையும் சேர்த்து மாட்டுவது. அது அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். இதற்கு "ஹாட் மிர்ரர்" என்று பெயர். ஆனால் பரந்த காட்சியைப் பிடிக்கும் லென்சில் இதை மாட்டினால், படத்தின் ஓரங்களில் நிறம் மாறக்கூடும். ஒளி சாய்ந்து விழும் இடத்தில் அதன் தடுப்பு எல்லை நகர்ந்துவிடுவதுதான் காரணம்.

இன்னொரு பரிகாரம், கருங்கண்ணாடியையே புதிய முறையில் செய்வது. சாயத்தை நம்பாமல், மிக மெல்லிய உலோகப் பூச்சுக்களைக் கண்ணாடியின்மேல் ஏற்றுகிறார்கள். அது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும், தெரியாத கதிரையும் சேர்த்துக் குறைக்கும். இதை "ஐ.ஆர். என்.டி." என்கிறார்கள்.

மூன்றாவது பரிகாரம், கருங்கண்ணாடியைக் காமிராவின் உள்ளேயே வைத்துவிடுவது. இப்போது பல வீடியோ காமிராக்களில் அப்படி உள்ளது. பித்தானைத் தட்டினால் கண்ணாடி நகர்ந்து வந்து நிற்கும். அந்தக் காமிராவின் சென்சாருக்கு எது பொருந்துமோ அதைக் கம்பெனியே பார்த்து வைத்துவிடும்.

எல்லாக் காமிராவுக்கும் ஏற்ற ஒரே கண்ணாடி என்று எதுவும் இல்லை. ஒரு காமிராவுக்குப் பொருந்தும் கண்ணாடி, இன்னொன்றில் பச்சை தட்டலாம்.

அதனால் அனுபவசாலிகள் படப்பிடிப்புக்கு முன்பே ஒரு சோதனை செய்துவிடுகிறார்கள். கறுப்புத் துணிகள் நாலைந்தை எடுத்துக்கொள்கிறார்கள். பருத்தி, கம்பளி, நைலான், பாலியெஸ்டர் என்று பல வகை. எல்லாவற்றையும் வெய்யிலில் தொங்கவிடுகிறார்கள். ஒவ்வொரு கருங்கண்ணாடியாக மாட்டிப் படம் பிடித்துப் பார்க்கிறார்கள். எது பழுப்பாகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். கண்ணாடியை மாற்றலாம்; இல்லாவிட்டால் கோட்டை மாற்றலாம்!

நீங்களும் பார்க்கலாம்!

கண்ணுக்குத் தெரியாத கதிரை வீட்டிலேயே பார்க்கலாம். பணச் செலவு இல்லை. வேண்டியது ஒரு டி.வி. ரிமோட்டும், ஒரு செல்போனும்தான்.

இருட்டான அறையில், செல்போனின் காமிராவைத் திறந்து வையுங்கள். ரிமோட்டின் முனையை அதற்கு நேராகப் பிடித்து, ஏதாவது ஒரு பித்தானை அழுத்துங்கள். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. செல்போன் திரையில் பார்த்தால், ரிமோட்டின் முனை மினுக் மினுக்கென்று எரியும்!

ரிமோட்டுகள் டி.வி.யோடு பேசும் பாஷை இந்த அகச்சிவப்புதான். முகத்தைப் பிடிக்கும் முன்பக்கக் காமிராவில் சோதித்தால் பல போன்களில் நன்றாகத் தெரியும். பின்பக்கக் காமிராவில் தடுப்பு பலமாக இருந்தால் தெரியாமல் போகலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல டி.வி. பெட்டிகளில், ரிமோட்டின் கதிரை வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஒரு சிறிய பிளாஸ்டிக் சன்னல் இருக்கும். பார்த்தால் கன்னங்கரேல் என்று இருக்கும். நம் கண்ணுக்கு அது மூடிய கதவு. அகச்சிவப்புக்கோ திறந்த வாசல்!

கறுப்பாக இருப்பதெல்லாம் கதிரைத் தடுக்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

கோட்டுப் போனால் போகட்டும், கண் போனால்?

இதுவரை பார்த்தது காமிராவின் கண். இனி நம் கண்ணைப் பற்றிப் பார்ப்போம்.

2019-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி தமிழ்நாட்டில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பகுதிகளில் சூரியன் ஒரு நெருப்பு வளையமாகக் காட்சி அளித்தது. 2031-ம் ஆண்டு மே 21-ந் தேதி இன்னொரு வளையக் கிரகணம் தென்னிந்தியாவின் வழியாகப் போகப்போகிறது.

கிரகணம் என்றால் வீட்டில் என்ன நடக்கிறது? பழைய எக்ஸ்-ரே படத்தைத் தேடுகிறார்கள். கலர் பிலிம் நெகடிவைத் தேடுகிறார்கள். கண்ணாடித் துண்டில் புகை பிடிக்க வைக்கிறார்கள். "கறுப்பாகத்தானே இருக்கிறது, பார்த்தால் என்ன?" என்று பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

இது பெரிய ஆபத்து!

காமிராவை ஏமாற்றிய அதே மோசடிதான் இங்கேயும் நடக்கிறது. அந்தப் படங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைத்துவிடுகின்றன. அகச்சிவப்பை ஏராளமாக உள்ளே விட்டுவிடக்கூடியவை அவை. காமிராவுக்கு மாட்டும் என்.டி. கண்ணாடியும் இதில் சேர்ந்ததுதான். அதன் வழியாகவும் சூரியனைக் கண்ணால் பார்க்கக் கூடாது.

வெறும் கண்ணால் சூரியனைப் பார்த்தால் கண் கூசும். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அது இயற்கை நமக்குக் கொடுத்த காவல். கறுப்புப் படத்தின் வழியாகப் பார்க்கும்போது கண் கூசாது. காவல்காரன் தூங்கிவிடுகிறான்! மங்கலாக இருப்பதால் கண்ணின் பாவையும் விரிந்துகொடுக்கும். கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும்.

கண்ணின் உட்புறத்தில் விழித்திரை இருக்கிறது. பார்வை தருவது அதுதான். அதில் வலி அறியும் நரம்பு கிடையாது. கதிர் அதைச் சுட்டாலும் வலிக்காது! பல மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் ஒரு மறைப்பு தெரியும். அது சில பேருக்குச் சரியாகாமலே போய்விடுகிறது.

கறுப்புக் கோட்டு பழுப்பானால் பணம்தான் நஷ்டம். கண்ணுக்கு நஷ்டம் வந்தால் ஈடு கட்ட முடியுமா?

எப்படிப் பார்க்கலாம்?

கிரகணம் பார்க்கவென்றே செய்த கண்ணாடிகள் உண்டு. அவற்றுக்கு "ஐ.எஸ்.ஓ. 12312-2" என்ற சர்வதேசத் தர விதி இருக்கிறது. அந்த விதிப்படி செய்த கண்ணாடிகள், தெரியும் ஒளி, தெரியாத கதிர் இரண்டையும் குறைக்கின்றன. கீறல், ஓட்டை இருந்தால் அந்தக் கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிடவேண்டும்.

வெல்டிங் வேலைக்கு உரிய கண்ணாடியில் 14-ம் எண் உள்ளதையும் பயன்படுத்தலாம். எண் குறைந்த வெல்டிங் கண்ணாடிகள் உதவாது.

கண்ணாடியே வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஓர் அட்டையில் குண்டூசியால் சிறு துவாரம் போடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். துவாரத்தின் வழியாக வரும் வெய்யிலை ஒரு வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். கிரகணச் சூரியன் சின்ன உருவமாகத் தாளில் தெரியும். துவாரத்தின் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது. தாளைத்தான் பார்க்கவேண்டும். பிள்ளைகளுக்கு இதுவே சிறந்த வழி.

ஹெர்ஷல் தம் டெலஸ்கோப்பில் கருங்கண்ணாடி மாட்டியபோது, கண்ணில் உறைத்த சூட்டை அலட்சியம் செய்யவில்லை. "வெளிச்சம் குறைந்ததே, போதும்" என்று இருந்துவிடவும் இல்லை. உஷ்ணமானியை வைத்துச் சோதித்துப் பார்த்தார்.

படப்பிடிப்புக்கு முன்னால் கறுப்புத் துணிகளை வெய்யிலில் தொங்கவிட்டுச் சோதிக்கிறவர் செய்வதும் அதுதான்.

அடுத்த கிரகணத்தன்று எக்ஸ்-ரே படத்தைத் தேடி யாராவது பெட்டியைத் திறந்தால், அவர்களை டி.வி.க்குப் பக்கத்தில் அழைத்துப் போங்கள். அந்தச் சின்னக் கறுப்புச் சன்னலைக் காட்டுங்கள். ரிமோட்டை எடுத்து ஒரு பித்தானை அழுத்துங்கள்.

டி.வி. எரியும். பாடம் புரிந்துவிடும்!